காட்டக் கூடாத வாக்கு, காட்டியாக வேண்டிய கணக்கு

வங்கியில் பணம் போட்ட ஒருவர், தம் கணக்கில் பிழை நேர்ந்துவிட்டதாக ஐயுற்றால், பாஸ்புத்தகத்தையும் சலானையும் எடுத்துச் சென்று கேட்கலாம். வங்கியும் தன் பேரேட்டைப் பார்த்து, எந்த நாளில் எவ்வளவு தொகை யார் பெயரில் வரவு வைக்கப்பட்டது என்று காட்டிவிடும். தேர்தலில் இந்த வசதி கிடையாது. வாக்களித்தவர் கையில் ரசீது இல்லை. தேர்தல் அலுவலரின் பதிவேட்டிலும் யார் வாக்களித்தார் என்பது இருக்குமே தவிர, யாருக்கு வாக்களித்தார் என்பது இருக்காது, இருக்கவும் கூடாது. பெயரும் வாக்கும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும் அந்தக் கணத்துக்குப் பின், ஒரு தொகுதியில் பதிவான 2 லட்சம் வாக்குகளில் ஒன்று இடம் மாறிப் போயிருந்தால் அது இன்னாருடையது என்று தேடிப் பிடித்துத் திருத்தும் வழி எவரிடமும் இல்லை. தோற்றவரும் மறுக்க முடியாதபடி கணக்கைக் காட்டியாக வேண்டும்; ஆனால் அந்தக் கணக்கின் எந்த வரியும் யாருடையது என்பதைக் காட்டிவிடக் கூடாது. தேர்தலைப் பாதுகாக்கும் வேலையில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவேதான் கிடக்கிறது.

ரகசியம் என்பது தேர்தலோடு பிறந்த குணமன்று. இங்கிலாந்தில் 1872 வரை வாக்காளர் தம் தேர்வை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல, எழுத்தர் அதை அவர் பெயருக்கு நேரே ஏட்டில் குறித்துக்கொண்டார். அந்த ஏடுகள் பின்னர் அச்சாகி விலைக்கும் கிடைத்தன. கணக்கைச் சரிபார்க்க இதைவிட எளிய முறை இருக்க முடியாது. ஆனால் நிலக்கிழாரின் மனையில் குடியிருந்த குத்தகைக்காரரும், முதலாளியின் கடனில் இருந்த கடைக்காரரும் அதே ஏட்டினால்தான் கட்டுண்டு கிடந்தார்கள். ஆஸ்திரேலியக் குடியேற்றங்களான விக்டோரியாவும் தாஸ்மானியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856-இல் இதற்கு மாற்றைக் கண்டன. வேட்பாளர் எல்லோரின் பெயரும் கொண்ட ஒரே வகைச் சீட்டை அரசே அச்சிட்டுத் தர, வாக்காளர் அதைத் தனித்த மறைவில் நிரப்பிப் பெட்டியில் இடுவது என்ற, இன்று உலகெங்கும் இயல்பாகிவிட்ட வழக்கம் அந்த ஆண்டுச் சட்டங்களிலிருந்து வளர்ந்தது. பிரிட்டன் 1872-இல் இதை ஏற்று, அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்று பான்டிஃபிராக்ட் என்ற ஊரின் இடைத்தேர்தலில் முதன்முதலாக நடத்திப் பார்த்தது. அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குப் பெயர் பெற்றது; ஆகவே வாக்குப் பெட்டியின் அரக்கில் குத்தப்பட்ட முத்திரையும் மிட்டாய் வில்லைகளில் குத்தும் அச்சாகவே இருந்தது.

ரகசியம் வாக்காளரின் உரிமை என்று மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும். உரிமையை வேண்டாமென்று விட்டுவிடலாம். ஆனால் ஒருவர் தாமே விரும்பினாலும் தம் வாக்கை இன்னொருவருக்கு மெய்ப்பித்துக் காட்ட முடியாத நிலை இருந்தால்தான் ரகசியம் நிற்கும். மெய்ப்பிக்க முடிந்துவிட்டால், காட்டு என்று கேட்பவர் வந்துவிடுவார்; அவர் கையில் பணம் இருக்கலாம், அரிவாள் இருக்கலாம், வெறும் குடும்ப அதிகாரம் இருக்கலாம். இத்தாலியில் வாக்காளர் தம் கட்சிப் பட்டியலிலிருந்து பல வேட்பாளர்களுக்கு விருப்ப வாக்கு எழுதும் முறை இருந்தபோது, எந்தெந்தப் பெயரை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோவை வகுத்துக் கொடுத்து, எண்ணும்போது அந்தக் கோவை வருகிறதா என்று பார்த்தே அவர் சொன்ன சொல் தவறினாரா என்று கண்டுபிடிக்க முடிந்தது. சீட்டில் பெயர் இல்லாவிட்டாலும் வரிசையே கையொப்பமாகிவிட்டது. 1991-இல் நடந்த பொதுவாக்கெடுப்பு விருப்ப வாக்கை ஒன்றாகக் குறைத்த பிறகே இந்த வழி அடைபட்டது. சங்கிலி வாக்கு என்பது இன்னொரு தந்திரம்: நிரப்பாத சீட்டு ஒன்றை எப்படியோ வெளியே கொண்டுவந்துவிட்டால் போதும், தரகர் அதில் தாமே குறியிட்டு அடுத்த வாக்காளரிடம் கொடுப்பார், அவர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தமக்குக் கிடைத்த வெற்றுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்துப் பணம் வாங்கிப் போவார், அந்த வெற்றுச் சீட்டு அதற்கடுத்தவருக்குப் போகும்.

நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் உத்திரமேரூர்க் கல்வெட்டு வராமல் இராது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டுகள் விவரிக்கும் குடவோலை முறையை இரகசிய வாக்கெடுப்பின் முன்னோடி என்று மேடைகளில் சொல்வது வழக்கமாகிவிட்டாலும், அது வாக்கெடுப்பே அன்று. தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுக்கும் திருவுளச் சீட்டு. ஆயினும் அதில் கற்க வேண்டியது வேறொன்று உண்டு. குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவனே ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவர் படித்த பெயரை அங்கிருப்போரும் வாங்கிப் படிக்க வேண்டும். விரலிடுக்கில் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்ற ஐயம் அந்தச் சபைக்கு இருந்திருக்கிறது. மத்தியஸ்தர் நல்லவர், அவரை நம்புங்கள் என்று அது எழுதவில்லை. நம்பத் தேவையில்லாதபடி கையை விரிக்கச் சொன்னது.

சுதந்திர இந்தியா 1951-52-இல் ஏறத்தாழ 17 கோடி வாக்காளருடன் முதல் பொதுத்தேர்தலை நடத்தியபோது, பெரும்பாலோர் எழுத்தறியாதவர் என்பதால், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்துச் சின்னத்தை அதன்மேல் ஒட்டினார்கள். வாக்காளர் குறியேதும் இடாமல் சீட்டை உரிய பெட்டியில் போட்டால் போதும். எளிய ஏற்பாடுதான், ஆனால் குறியிடாத சீட்டு எவருக்கும் செல்லும் நாணயம் போன்றது. அதைப் பெட்டியில் போடாமல் மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தால் விற்றுவிடலாம். அதனால் 1960-க்குப் பிறகு ஒரே பெட்டி, பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டு, முத்திரை குத்தும் கட்டை என்று முறை மாறியது. கள்ள ஓட்டைத் தடுக்க மைசூரில் தயாராகும் அழியாத மை 1962 முதல் விரலேறியது. அந்த மையில் உள்ள வெள்ளி நைட்ரேட் தோலோடு கலந்து கறையாகி, ஒருவர் வாக்களித்தார் என்பதை ஊரறியச் சொல்லும், யாருக்கு என்பதை மட்டும் சொல்லாது. பெயரும் வாக்கும் பிரிந்து நிற்க வேண்டும் என்ற கொள்கையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் பொருள் வேறில்லை.

வாக்களிக்காமல் இருப்பதற்கு ரகசியம் உண்டா என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. எந்த வேட்பாளரையும் ஏற்காதவர் சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் கையொப்பமிட்டுத் திரும்பலாம் என்ற 49-ஓ விதி, எழுத்தாளர் ஞாநியின் ‘ஓ போடு’ பிரசாரத்தால் தமிழ்நாட்டில் பலர் வாயிலும் புழங்கியது. ஆனால் முகவர்கள் பார்த்திருக்கக் கையொப்பமிட்டு மறுப்பது ரகசியமே இல்லை. உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று, மறுப்பவருக்கும் ரகசியம் உரியது என்று தீர்ப்பளித்த பிறகே இயந்திரத்தின் கடைசிப் பொத்தானாக நோட்டா வந்தது.

இயந்திரத்தின் கதை கேரளத்தின் பரவூரில் 1982-இல் தொடங்குகிறது. சட்டமன்றத் தேர்தலில் அங்கே 50 சாவடிகளில் இயந்திரம் வைக்கப்பட்டது. வாக்களிப்பு இயந்திரத்தால் நடக்கலாம் என்று சட்டத்தில் இல்லை என்பதால் 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாததாக்கியது. சீட்டு வைத்து நடந்த மறுவாக்குப்பதிவில் வெற்றி பெற்றவரும் மாறினார். இயந்திரம் தவறாக எண்ணியது என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அந்த இயந்திரத்தை உருவாக்கிய பணிக்குப் பொறுப்பாக இருந்தவர்களில் ஒருவர் எஸ். ரங்கராஜன், அதாவது வாசகர்கள் அறிந்த சுஜாதா. பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டு, 2001-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும், 2004-இல் மக்களவைத் தேர்தல் முழுவதும் இயந்திரத்துக்கு மாறின.

அது தீர்த்துவைத்த தொல்லைகள் சிறியவை அல்ல. முத்திரை இரண்டு கட்டத்தில் பட்டதால் செல்லாமல் போன ஓட்டுகள் ஒழிந்தன. சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகச் சீட்டில் குத்தித் தள்ளிய கும்பல்களுக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் நடுவே சில விநாடி காக்கவைக்கும் இயந்திரம் இடைஞ்சலானது. 1996-இல் மொடக்குறிச்சியில் 1033 பேர் போட்டியிட்டபோது வாக்குச் சீட்டு புத்தகமாகவே அச்சாக வேண்டியிருந்ததை நினைத்துப் பார்ப்பவர் சீட்டுக்காக ஏங்கமாட்டார். (ஒரு கருவிக்கு 16 பெயர் என்ற கணக்கில் இயந்திரமும் அங்கே 65 பெட்டிகளை வரிசையாகக் கேட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.) ஆனால் சீட்டு போனதோடு, திரும்பவும் எண்ணிப் பார்க்கும் பொருளும் போய்விட்டது. மறு எண்ணிக்கை என்றால் அதே பொத்தானை மறுபடி அழுத்தி அதே எண்ணை மறுபடி பார்ப்பதுதான் என்றாயிற்று.

கணினி தவறிழைக்க எவரும் சதி செய்ய வேண்டியதில்லை. பெல்ஜியத்தின் ஸ்கார்பெக் நகரில் 2003 மே 18 அன்று ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன; அவருக்கு விழ வாய்ப்புள்ள உச்ச எண்ணிக்கையையும் அது தாண்டியதால்தான் கண்ணில் பட்டது. 4096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கி வரும் எண். நினைவகத்தில் ஒரே ஒரு இலக்கம் சுழியிலிருந்து ஒன்றாகப் புரண்டிருக்க வேண்டும் என்று வல்லுநர்கள் கருதினர். நெதர்லாந்தில் 2006-இல் ஒரு குடிமக்கள் குழு, நாடெங்கும் புழங்கிய வாக்குப்பதிவுக் கணினியைச் சதுரங்கம் ஆட வைத்துக் காட்டியது. அதைவிடக் கூர்மையான கண்டுபிடிப்பு ரகசியம் பற்றியது. அந்தக் கணினியின் திரை சிறிதளவு வானொலி அலையைக் கசியவிட்டது. ஒரு கட்சியின் பெயரில் மட்டும் எழுத்தின் தலையில் ஒலிக்குறி இருந்ததால், அந்தப் பெயர் திரையில் வரும்போது அலை வேறுபட்டு, சில மீட்டர் தள்ளி நின்றவரும் சிறு வானொலிப் பெட்டியால் அதை அறிய முடிந்தது. அந்நாடு அடுத்த ஆண்டே அந்தக் கணினிகளைக் கைவிட்டுக் காகிதத்துக்கும் பென்சிலுக்கும் திரும்பியது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று, 2005 தேர்தலில் புழங்கிய அதே வகைக் கணினிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. எவரும் மோசடி செய்ததாக அங்கே நிறுவப்படவில்லை, தேர்தலும் ரத்தாகவில்லை. தேர்தலின் முக்கியப் படிகளைத் தொழில்நுட்ப அறிவு ஏதும் இல்லாத சாதாரணக் குடிமகன் தன் கண்ணால் சரிபார்க்க முடிய வேண்டும் என்ற அளவுகோலில்தான் அவை தேறவில்லை.

2010-இல் இந்திய இயந்திரத்தையே பிரித்து ஆராய்ந்த ஆய்வாளர்கள், எண்ணைக் காட்டும் பலகையை மாற்றிவைத்து முடிவைத் திரிக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். தேர்தல் ஆணையத்தின் மறுமொழியும் வலுவற்றதன்று: இயந்திரம் எந்த வலைப்பின்னலோடும் இணையாதது, எது எந்தச் சாவடிக்குப் போகும் என்பது இருமுறை குலுக்கலால் முடிவாகிறது, வாக்குப்பதிவுக்கு முன் முகவர்கள் எதிரில் குறைந்தது 50 வாக்குகள் கொண்ட மாதிரி வாக்குப்பதிவு நடக்கிறது. இவையெல்லாம் முறைகேட்டைக் கடினமாக்குகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் முறைகேடு நடப்பது கடினம் என்பது வேறு, நடக்கவில்லை என்று பின்னால் காட்ட முடிவது வேறு. மென்பொருளில் எவரும் கண்டுபிடிக்காத பிழையோ மாற்றமோ இருந்தாலும், அது முடிவில் கண்டுபிடிக்கப்படாத மாற்றத்தை உண்டாக்க முடியாதபடி தேர்தல் அமைய வேண்டும் என்று கணினி ஆய்வாளர்களான ரான் ரிவெஸ்ட், ஜான் வாக் ஆகிய இருவரும் 2006-இல் வகுத்த நெறியை மென்பொருள் சாராமை என்று சொல்லலாம். அதற்கு இன்றுவரை கிடைத்துள்ள மிக எளிய சாட்சி காகிதந்தான்.

விவிபாட் என்று எல்லோரும் அழைக்கும் காகிதத் தணிக்கைக் கருவி அந்த இடத்தில்தான் வருகிறது. வாக்காளர் நீலப் பொத்தானை அழுத்தியதும், வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றையும் தாங்கிய சீட்டு ஒன்று கண்ணாடிக்குப் பின்னே 7 விநாடி தெரிந்து, பிறகு அறுபட்டு முத்திரையிட்ட பெட்டிக்குள் விழுகிறது. அந்த அறுபடுதல் சிறு செயலாகத் தோன்றினாலும் ரகசியம் அதில்தான் இருக்கிறது. சுருளாகவே இருந்துவிட்டால், சாவடியில் 17-ஏ பதிவேட்டில் வரிசையாகக் கையொப்பமிட்டவர்களின் பெயரோடு சுருளின் வரிசையைப் பொருத்தி, இன்னார் இன்னாருக்கு என்று படித்துவிடலாம்; அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புழங்கிய சில இயந்திரங்களின் காகிதச் சுருளில் இந்த ஓட்டை இருந்தது 2007-இல் தெரியவந்தது. சீட்டு வாக்காளர் கைக்கு வராததற்கும் காரணம் அதுவே. கைக்கு வந்தால் அது தரகருக்குக் காட்டும் ரசீதாகிவிடும்.

நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் 2013-இல் முதன்முதலாகப் புழங்கிய இந்தக் கருவி, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிக்கும் வந்தது. சின்னம் வேறு, சீட்டு வேறாக வந்ததாக ஒரு வாக்காளர் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு 49-எம்ஏ என்ற விதி இருக்கிறது. அவர் எழுத்தில் புகார் தர வேண்டும். அது பொய்யானால் தண்டனை உண்டு என்று எச்சரிக்கப்படுவார். பிறகு தலைமை அலுவலரும் முகவர்களும் பார்க்க ஒரு சோதனை வாக்குப் போட வேண்டும். இயந்திரம் முதல் முறை பிழைத்து இரண்டாம் முறை சரியாக நடந்துகொண்டால் புகார் சொன்னவர் பொய்யராகிவிடுவார்; முதல் வாக்கைத் திறந்து பார்க்கவோ ரகசியம் இடம் கொடுக்காது. ஆகவே தனி வாக்காளரின் புகாரை நம்பி இந்தக் காகிதம் பயன் தராது. எண்ணும் மேசையில்தான் அது பேச வேண்டும்.

அங்கே அது பேசுவது சொற்பம். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஒரு சாவடியின் சீட்டுகளை எண்ணிவந்ததை, உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ஐந்தாக உயர்த்தியது. எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற மனுவை 2024 ஏப்ரல் 26 அன்று அதே நீதிமன்றம் தள்ளியது. அதுவரை எண்ணிய 4 கோடிக்கும் மேலான சீட்டுகளில் முரண்பாடு வந்தது ஆந்திரத்தின் மைதுக்கூரில் ஒரே சாவடியில்தான் என்பதும், அதுவும் மாதிரி வாக்குகளை அழிக்க மறந்ததால் நேர்ந்தது என்பதும் அப்போது எடுத்துக்காட்டப்பட்டன. சின்னங்களை விவிபாட்டில் ஏற்றும் கருவியை முத்திரையிட்டு 45 நாள் வைத்திருக்க வேண்டும், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்றவர் கேட்டால் 5 விழுக்காடு இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்க வேண்டும் என்ற ஆணைகளும் அந்தத் தீர்ப்பில் வந்தன.

ஐந்து என்ற எண் போதுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு தொகுதியில் 250 சாவடிகள். அவற்றில் பாதிக்குப் பாதி இயந்திரங்கள் கெட்டிருந்தால், குலுக்கி எடுக்கும் ஐந்தில் ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு 97 விழுக்காடு. ஆனால் கெட்டவை 10 மட்டும் என்றால் அந்த வாய்ப்பு 19 விழுக்காட்டைத் தாண்டாது. கெட்டது ஒன்றே என்றால் வெறும் 2 விழுக்காடு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தோடு தொடர்புடைய வல்லுநர் குழு நாடு முழுவதற்கும் 479 இயந்திரங்களைச் சரிபார்த்தால் போதும் என்று சொன்னதும் ஒரு கோணத்தில் சரியே: நாட்டின் இயந்திரங்களில் சிறு பங்குக்கு மேல் கெட்டிருக்கவில்லை என்று அது காட்டிவிடும். ஆனால் தேர்தல் நாட்டுக்கு ஒன்றாக நடப்பதில்லை, தொகுதிக்கு ஒன்றாக நடக்கிறது. தோற்ற வேட்பாளர் கேட்பது தம் தொகுதியின் கணக்கை. நாட்டின் சராசரி அவருக்கு விடையாகாது.

ரகசியமும் இயந்திரத்தால் ஓர் இடத்தில் தேய்ந்தது. சீட்டுக் காலத்தில், பழிவாங்கல் நேரும் என்று ஆணையம் அஞ்சிய இடங்களில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண 59-ஏ விதி இடம் தந்தது. இயந்திரமோ சாவடி சாவடியாகவே எண்ணைச் சொல்லும். ஒரு சாவடியில் ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர். ஊர்ப்புறத்தில் அது ஒரு சேரியாகவோ ஒரே சாதியினர் வாழும் இரண்டு தெருவாகவோ இருக்கும். இன்னார் எனக்குப் போடவில்லை என்று வென்றவருக்குத் தெரியாது. இந்தத் தெரு போடவில்லை என்று தெரிந்துவிடும், அடுத்த ஐந்தாண்டு அந்தத் தெருவின் குழாயில் தண்ணீர் வருமா என்பதற்கு அதுவே போதும். பணம் கொடுப்பவருக்கும் கொடுத்த காசு பலித்ததா என்று பார்க்கச் சாவடிவாரிப் பட்டியல் கைகொடுக்கிறது. பணப் பட்டுவாடாவுக்காக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் என்று அடுத்தடுத்துத் தேர்தலை ரத்துசெய்ய வேண்டி வந்த மாநிலத்தில் இதை ஒதுக்கிவிட முடியாது.

இதற்கு மருந்தாக, 14 இயந்திரங்கள் வரை ஒன்றாக இணைத்துக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியை ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆம் அறிக்கையில் அதை ஆதரித்தது. எந்தச் சாவடியில் பின்தங்கினோம் என்று அறிந்து அங்கே உழைக்கச் சாவடிவாரி எண் உதவும் என்று சொல்லி ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை. அந்தக் காரணம் வலுவற்றது. ஆனால் வலுவுள்ள வேறொரு தடை உண்டு. சாவடி முகவர் கையில் 17-சி படிவத்தின் நகல் இருக்கிறது. அதில் உள்ள மொத்த வாக்கை இயந்திரம் காட்டும் மொத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் அவர் சரிபார்க்கிறார். விவிபாட் சீட்டும் இயந்திரம் இயந்திரமாகவே ஒப்பிடப்படுகிறது. கூட்டுத்தொகை மட்டும் வெளிவந்தால் இந்தச் சரிபார்ப்பு குலையும். இதற்கும் வழியுண்டு: வேட்பாளர் பெயரின்றிப் பதிவான மொத்தத்தை மட்டும் ஒவ்வோர் இயந்திரமும் காட்டலாம். 14 இயந்திரங்களின் சீட்டுகளைக் கலந்து எண்ணி 14-இன் கூட்டுத்தொகையோடு ஒப்பிடலாம். ரகசியத்துக்கும் கணக்குக்கும் ஒருசேர இடம் தரும் இந்த வழிக்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை.

விஞ்ஞானம் தன் பங்குக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வாக்கைக் குறியாக்கம் செய்து, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாத எண்ணாக்கி, பொதுப் பலகையில் வெளியிட்டுவிட்டால், வாக்காளர் தம்மிடமுள்ள அடையாளக் குறியை வைத்து அது அங்கே இருப்பதைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த எண்ணைப் பார்த்து அதில் என்ன இருக்கிறது என்று எவரும் அறிய முடியாது. பூட்டிய நிலையிலேயே அந்த எண்களைக் கூட்டிக் கூட்டுத்தொகையை மட்டும் திறக்கக் கணிதம் இடம் தருகிறது. அமெரிக்காவின் டக்கோமா பார்க் நகரம் 2009-இல் இவ்வகை முறை ஒன்றில் தன் நகராட்சித் தேர்தலை நடத்தியது. ஆனால் உலகக் குறியாக்கவியல் ஆய்வாளர் சங்கமே 2025-இல் தன் உள்தேர்தலை இப்படி நடத்தியபோது, மூன்று அறங்காவலரில் ஒருவர் தம் சாவியைத் தொலைத்துவிட, பெட்டியைத் திறக்க வழியின்றித் தேர்தலையே மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. ஜெர்மன் நீதிமன்றத்தின் அளவுகோலிலும் இது தேறுவது அரிது. நம்பிக்கை கணினியாளரிடமிருந்து கணிதவியலாளருக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. எஸ்தோனியாவில் 2023-இல் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் இணையத்தில் விழுந்தன. வீட்டில் யாரேனும் மிரட்டிப் போடவைத்தால் பிறகு தனியே மாற்றிப் போடலாம், கடைசி வாக்கே செல்லும் என்பது அங்குள்ள காப்பு. பத்துப் பேர் ஒரு கைப்பேசியைப் பகிரும் வீடுகள் உள்ள நாட்டுக்கு அந்தக் காப்பு போதாது.

காகிதத்தை எவ்வளவு எண்ணுவது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் வேறு விடை வைத்திருக்கிறது. முடிவு தவறாயிருந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் விடும் வாய்ப்பு இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று முன்கூட்டியே வரம்பு வகுத்துவிட்டு, வெற்றி வித்தியாசம் பெரிதானால் சில சீட்டுகளையும் சிறிதானால் பலவற்றையும், மிகச் சிறிதானால் எல்லாவற்றையுமே எடுத்துப் பார்ப்பது அந்த முறை. புள்ளியியலாளர் ஃபிலிப் ஸ்டார்க் 2008 வாக்கில் இதற்கு அடித்தளம் இட்டார். எந்தச் சீட்டுகளை எடுப்பது என்பதை நிர்ணயிக்கும் தொடக்க எண்ணைக் கணினி தராது. பொதுமக்கள் கூடிய அறையில் பத்து முகம் கொண்ட பகடைகளை 20 முறை உருட்டி, விழும் இலக்கங்களை உரக்கப் படித்து எழுதுகிறார்கள். உத்திரமேரூர்ச் சிறுவன் செய்த வேலையை அங்கே பகடை செய்கிறது.

இந்தியாவில் காகிதம் அச்சாகிறது, அறுபடுகிறது, முத்திரையிட்ட அறையில் காவலும் பெறுகிறது. வித்தியாசத்தைப் பார்த்து எண்ணும் விதி மட்டும் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஆத்தூரில் வென்றவர் 1 லட்சத்து 35 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் முன்னே நின்றார். தியாகராய நகரில் வென்றவர் 137 வாக்குகள் முன்னே நின்றார். சீட்டெண்ணும் விதி இரண்டு தொகுதிக்கும் ஒன்றே: ஐந்து சாவடிகள்.